பொன்மொழி போதும், ஒரு கேள்வி கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒருவர், தத்துவமெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும்தான், காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தார். பாதி நியாயமான கேள்வி. ஓடுகிறவரை நிறுத்தி மாயாவாதம், இருத்தலியல் என்று ஆரம்பித்தால் அவர் ரயிலைத்தான் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும். ஆனால், நேரமில்லாதவர்களும் செய்யக்கூடிய ஒரு பயிற்சி இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தத்துவத்துக்குள் இருந்துவருகிறது. படுக்கப் போகுமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் தன்னாய்வுதான் அது. கால் மணி நேரம், ஒரு நோட்டு, ஒரு பேனா. வேறு செலவில்லை.

இதைக் கைக்கொண்டவர்களில் வேலைவெட்டி இல்லாதவர் யார் என்று பாருங்கள். தத்துவ ஞானி செனெகா ரோமில் பேரரசன் நீரோவுக்கு ஆசிரியராகவும் பிறகு ஆலோசகராகவும் இருந்து, கடைசியில் அதே நீரோவின் ஆணையால் கி.பி. 65இல் உயிர்விட்டவர். இரவில் நாளைத் திரும்பிப் பார்க்கச் சொன்ன எபிக்டெட்டஸ், அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸ் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகளில் ஒரு பகுதி, டானூப் பக்கத்துப் போர்முகாமில் எழுதப்பட்டது. சீன அறிஞர் கன்ஃபூசியஸின் மாணவர் செங்சி தினமும் தம்மை மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டார்: பிறர் காரியத்தை எடுத்துச் செய்தபோது முழு மனதோடு செய்தேனா, நண்பர்களிடம் சொன்ன சொல் தவறினேனா, கற்றதைக் கடைப்பிடித்தேனா. செய்த பிழைகளை நினைத்துப் பார்த்து வருந்தும் சமணர்களின் பிரதிக்கிரமணமும் இந்தக் குடும்பம்தான். மனதைச் சமநிலையில் நிறுத்தி உட்காரும் அவர்களுடைய சாமாயிகம் என்ற அமர்வுக்கு 48 நிமிடம், நம் கணக்கில் இரண்டு நாழிகை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 பண்புகளை எழுதிவைத்து, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறிய நாளுக்கு நேரே கட்டத்தில் கரும்புள்ளி வைத்தார். ஆண்டுக்கு நான்கு சுற்று. அச்சுக்கூடக்காரர் அல்லவா, கட்டம் போட்டுத்தான் யோசித்திருக்கிறார். அதில் 'ஒழுங்கு' என்ற பண்புதான் அவரை மிகவும் படுத்தியது.

செனெகா கோபத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் தம் வழக்கத்தை விவரிக்கிறார். விளக்கை எடுத்துப் போன பிறகு, அவருடைய பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்கிறார்; இவர் நாளைப் புரட்டுகிறார். பிரபஞ்ச ரகசியம் எதுவும் அகப்படுவதில்லை. தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது இவ்வளவுதான்: ஒரு விவாதத்தில் தேவைக்கு மேல் சூடாகப் பேசிவிட்டாய், கற்க விரும்பாதவர்களோடு இனி மல்லுக்கு நிற்காதே. இன்னொருவரை அளவு மீறி வெளிப்படையாகக் கண்டித்தாய், அவர் திருந்தவில்லை, புண்பட்டார். இனிமேல் சொல்வது உண்மையா என்பதோடு, கேட்பவர் அந்த உண்மையைத் தாங்குவாரா என்றும் பார். ஒவ்வொன்றுக்கும் ஒரே தீர்ப்பு: மறுபடி செய்யாதே, இந்த முறை மன்னித்தேன். நிகழ்ச்சி, பிழை, அடுத்த முறைக்கு ஒரு சொல் என்று மூன்றே அடியில் முடித்துவிடுகிறார். பயிற்சியின் அளவு இதுதான். இதை நீட்டினால் கெடும்.

இனி செய்முறை. படுக்கப் போவதற்கு அரை மணி முன்னதாகச் செய்யுங்கள்; படுத்தபடி வேண்டாம். செனெகா இருட்டில் செய்தார், அதன்பின் நல்ல தூக்கமும் வந்தது என்கிறார். நம்மில் பலருக்கு இருட்டில் தொடங்கிய யோசனை நள்ளிரவு தாண்டியும் இழுத்துக்கொண்டு போகும். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்து கையால் எழுதுவதே நல்லது. நாள் முழுவதையும் எழுதினால் அது டைரி. மனதை உறுத்திய ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு வரி.

முதல் வரியில் நடந்தது மட்டும், பக்கத்தில் நின்ற மூன்றாம் ஆள் பார்த்தால் என்ன சொல்வாரோ அப்படி: "தம்பிக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். கத்தினேன்." இரண்டாவது வரியில், அப்போது மனதுக்குள் ஓடிய வாக்கியம்: "இவன் என்னை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை." இந்த இரண்டையும் பிரிப்பதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. முதல் சில நாட்கள் எல்லோரும் இரண்டாவதை முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். "மதிக்காமல் போனை எடுக்கவில்லை" என்பது நடந்தது அல்ல. நடந்ததன்மேல் நாம் ஒட்டிய தீர்ப்பு. மனிதரைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி அவர்கள் கொள்ளும் கருத்துகள் என்று எபிக்டெட்டஸ் சொன்னது இதைத்தான். 1950களில் நியூயார்க் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தம் சிகிச்சை முறைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதும் இதே கருத்துதான்.

மூன்றாவது வரி, இதில் என் கையில் இருந்தது எது. தம்பி போனை எடுப்பது என் கையில் இல்லை. என் குரல் இருந்தது. என்ன விஷயம் என்று ஒரு மெசேஜ் போடுவது இருந்தது. நான்காவது வரி அடுத்த முறைக்கு. இங்கே "இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்று எழுதுவது வீண். அந்தத் தீர்மானத்துக்கு இடமும் இல்லை, வேளையும் இல்லை. காலை பத்து மணிக்குள் காற்றில் போய்விடும். "இரண்டாவது முறையும் எடுக்காவிட்டால், ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்" என்று எழுதினால், அந்த நேரம் வரும்போது கை தானாகச் செய்யும்.

இதுவரை நடந்தது மன ஒழுக்கம். தத்துவம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதியதையெல்லாம் மொத்தமாகப் படித்துப் பாருங்கள். இரண்டாவது வரிகளில் ஏதோ ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்திருக்கும். 'மரியாதை' என்று வைத்துக்கொள்வோம். தம்பியிடமும் அதே, கடைப் பையனிடமும் அதே, மருமகளிடமும் அதே. சரி, மரியாதை என்று நான் எதைச் சொல்கிறேன்? எழுதுங்கள்: "கூப்பிட்டவுடன் பதில் சொல்வது." இனி சாக்ரடீஸ் செய்ததைச் செய்ய வேண்டும், அந்த இலக்கணத்தை, அதாவது வரையறையை, உடைக்கும் ஓர் உதாரணத்தைத் தேட வேண்டும். அறுவை சிகிச்சை அறையில் இருக்கும் டாக்டர் நம் போனை எடுக்கவில்லை, அது அவமரியாதையா? இல்லை. அப்படியானால் இலக்கணம் தவறு. திருத்துவோம்: "முடியாதபோது, பிறகாவது காரணம் சொல்வது." இது நிற்கும்போல் இருக்கிறது. இதே அளவுகோலை நமக்கு வைத்தால்? மனைவி இரண்டு முறை கூப்பிட்டும் டி.வி.யைப் பார்த்தபடி 'ம்' கொட்டியதற்கு என்றைக்காவது காரணம் சொன்னதுண்டா? மூன்று திருத்தத்துக்குள், எதிராளியின் குற்றப்பத்திரிகையாகத் தொடங்கியது நம் பக்கம் திரும்பிவிடும். தத்துவச் சிந்தனையின் பயன் என்ன என்று உங்கள் வாசகர் கேட்டாரே, ஒரு பயன் இது. நாம் நாள்தோறும் ஆயுதமாகச் சுழற்றும் சொற்களுக்கு நமக்கே பொருள் தெரியாது என்பது கையும் களவுமாகப் பிடிபடுகிறது.

பயிற்சி எங்கே பழுதாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது குற்ற உணர்ச்சியாகத் திரிந்து கெடுகிறது. ஒரே வாக்கியம் மூன்றாவது இரவும் நோட்டில் வந்தால், அது சிந்தனை இல்லை, புலம்பல். அந்த நிகழ்ச்சியை மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள். "எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று" என்ற குறளுக்கு இன்றைய உரைகள் பலவும், தவறிச் செய்தால் அப்படிப்பட்டதை மறுபடி செய்யாதே என்று பொருள் சொல்கின்றன. பரிமேலழகரோ, செய்துவிட்டால் பின்னால் உட்கார்ந்து இரங்காதே என்கிறார். நோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறவருக்கு இரண்டு உரையும் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பழுது, ராத்திரி தோறும் அடுத்தவரை விசாரிப்பது. மாமியார் செய்தது, மேலாளர் செய்தது என்று பக்கம் நிரம்பும். அப்படி நிரம்பினால், தன் பெயரையே போட்டு, யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல முதல் வரியைத் திருப்பி எழுதச் சொல்வோம். "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்" என்று 190ஆம் குறள் கேட்பதைக் காகிதத்தில் செய்துபார்க்கிற வழி இது.

இன்னொன்று இவற்றைவிட ஆபத்தானது. 'என் கையில் இல்லை' என்ற மூன்றாவது வரியை மயக்க மருந்தாகப் பயன்படுத்துவது. மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, சாதியைச் சொல்லித் திட்டினார்கள், வீட்டில் அடி விழுகிறது. இவையெல்லாம் 'என் கருத்தில்தான் கோளாறு' என்று விழுங்கவேண்டியவை அல்ல. அநியாயத்தை நடத்துகிறவர் நம் கையில் இல்லை. புகார் எழுதுவதும் சங்கத்தில் சொல்வதும் நம் கையில் உண்டு. நான்காவது வரியில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய தேதியை எழுதலாம். செனெகா, எபிக்டெட்டஸ், மார்க்கஸ் ஔரேலியஸ் ஆகியோரின் ஸ்டோயிக் தத்துவம் இன்று அலுவலகப் பயிலரங்குகளில் விற்கப்படும் விதத்தில் இந்தப் பகுதியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அதேபோல், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போனவர்களுக்கு நோட்டு மருந்தாகாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தங்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் இதழின் இரண்டாம் பக்கத்தில் 'இன்றைய சிந்தனை' என்று ஒரு கட்டம் வருகிறது. அதில் வரும் பொன்மொழிகள் நல்லவைதான். ஆனால் அவை யோசித்து முடித்தவரின் விடை. படித்து, தலையாட்டி, வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். அந்த இடத்தில் வாரம் ஒரு நாளாவது ஒரு கேள்வியை அச்சிடுங்கள். "வாக்குறுதியை மீறுவது எப்போது சரி?", "நன்றி என்பது திருப்பித் தர வேண்டிய கடனா?", "உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா?" போன்றவை. கீழே நான்கு வரி எழுத வெற்றிடம் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த வாரம் வாசகர் விடைகளில் இரண்டை மட்டும், அவற்றை உடைக்கும் எதிர் உதாரணத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். எட்டு மணி ரயிலில் உட்கார இடம் கிடைக்காதவர்கூட, கம்பியைப் பிடித்தபடி அதைப் படித்துவிடலாம்.

இங்ஙனம்,
மெய்யியல் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி