குன்மிங் வெண்கலக் கோயில்: இப்போதிருப்பது இரண்டாவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த சீனப் பயணக் கட்டுரை, குன்மிங் நகரின் மிங்ஃபெங் குன்றில் இருக்கும் 'பொன் மண்டபம்' என்ற தாவோயிசக் கோயில் 1602-இல் கட்டப்பட்டது என்கிறது. ஆண்டு சரிதான், கட்டடம்தான் வேறு. சீனாவை மிங் அரசமரபு ஆண்டபோது ஆளுநர் சென் யுங்பின் அவ்வாண்டு எழுப்பிய வெண்கல மண்டபம் 1637-இல் யுன்னான் மாகாணத்தின் மேற்கிலுள்ள ஜிசு மலைக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டது. இன்று குன்றின் மேல் நிற்பது 1671-இல் வூ சான்குய் புதிதாகக் கட்டியது.

ஓர் உலோகக் கோயிலை இடம் மாற்ற முடிந்தது எப்படி என்பதற்கு அதன் கட்டுமானமே விடை. இதற்கு முன்மாதிரியான ஹூபெய் மாகாணத்து வூடாங் மலைச் சிகரத்தின் பொன் மண்டபம் (1416) பெய்ஜிங்கில் பகுதி பகுதியாக வார்க்கப்பட்டு, நீர்வழியே கொண்டுவரப்பட்டு, மலையுச்சியில் பொருத்தப்பட்டது. குன்மிங் மண்டபத்திலும் தூண், உத்தரம், சாளரக் கதவு, கூரை ஓடு எல்லாமே மரவேலையை அப்படியே பின்பற்றிய வெண்கலம். மரக் கட்டடத்தில் கூரையின் பாரத்தைத் தூணுக்கு இறக்கித் தருவதற்காகத் தச்சர்கள் அடுக்கடுக்காகக் கோக்கும் தாங்குகட்டைகளைக்கூட வார்ப்பவர்கள் விட்டுவிடவில்லை. இரட்டைக் கூரையும் பளிங்குப் பீடமும் கொண்ட இதன் உயரம் ஏழு மீட்டருக்கும் குறைவுதான். எடையோ சுமார் 250 டன் என்கிறார்கள். செம்புச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற யுன்னானில் இவ்வளவு உலோகம் திரட்டியதில் வியப்பில்லை.

கட்டியவரைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாதது பெருங்குறை. மிங் தளபதியாக இருந்து 1644-இல், மிங்குக்குப் பின் சீனாவை ஆண்ட சிங் அரசமரபின் மஞ்சு படைகளுடன் சேர்ந்துகொண்ட வூ சான்குய், மிங் மரபின் கடைசி உரிமையாளரான யுங்லியை 1662-இல் இதே குன்மிங்கில் கொன்றவர். அப்படிப்பட்டவர், மிங் பேரரசர்கள் தங்கள் காவல் தெய்வமாகப் போற்றிய வடதிசைக் கடவுள் சென்வூவுக்கே இக்கோயிலை எடுத்தார். பக்தியோ, உள்ளூர் மக்களைத் தன் பக்கம் இழுக்கும் அரசியலோ, பின்னதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மண்டபத்து உத்தரத்தில் சிங் பேரரசர் காங்ஷியின் 10-ஆம் ஆட்சியாண்டும், சிங் அரசு தந்த இளவரசர் பட்டத்தோடு வூ சான்குயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டே ஆண்டில், 1673-இல், அதே காங்ஷிக்கு எதிராக அவர் கலகக் கொடி தூக்கினார்.

இணைப்பின் அடுத்த இதழில் ஆண்டைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்