மூடி போடும் முன், கயலுக்கு

அன்புள்ள கயல்,

நீ வீட்டில் காய்ச்சிய பீரைப் பற்றி நேற்று போனில், "பத்து நாள் ஆகியும் சர்க்கரை அளவு 6-லேயே நிற்குதுப்பா, ஈஸ்ட் செத்துப்போச்சு போல" என்றாய். லைன் விட்டு விட்டுக் கேட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உன் ஈஸ்ட் பெரும்பாலும் வேலையை முடித்திருக்கும், கண்ணு. தப்பு அதன் மேல் இல்லை, அளந்த கருவியில்தான்.

உன்னிடம் இருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், ஒரு சொட்டில் சர்க்கரையை அளக்கும் அந்தக் கருவி, நல்ல சாமான். எங்கள் சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலர்கள் அதைத்தான் வயலுக்கு எடுத்துப்போவார்கள். கரும்பைக் குத்தி ஒரு சொட்டுச் சாறு எடுத்தால் போதும். அடிக்கரும்பும் நுனிக்கரும்பும் ஏறக்குறைய ஒரே பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) காட்டினால் வெட்டலாம் என்பார்கள். நீ மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு காய்ச்சும்போதும் அதுதான் வசதி. ஐந்து லிட்டர் காய்ச்சுகிறவள் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளரை அளப்பதற்கே கொட்ட முடியுமா? சூடான சொட்டை வைத்தால் அரை நிமிடம் ஆறவிட்டுப் பார். காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்.

ஆனால் அந்தக் கருவி ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துத்தான் சர்க்கரையைச் சொல்கிறது. புளித்த பிறகு உள்ளே ஆல்கஹாலும் வந்துவிடுகிறது. அது தண்ணீரைவிட அதிகமாக ஒளியை வளைக்கும். அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக் கருவி கூட்டிக் காட்டும். நீ 12.4 பிரிக்ஸில், அதாவது 1.050 அடர்த்தியில் (தண்ணீர் 1.000) தொடங்கினாய். புளிப்பு நன்றாக முடிந்து அடர்த்தி 1.010-க்கு இறங்கியிருந்தாலும் அது 6 பக்கம்தான் காட்டும். அதை அப்படியே அடர்த்தியாக மாற்றினால் 1.024 வரும். நீ பயந்தது அந்த எண்ணைப் பார்த்துத்தான். திருத்தக் கணக்குகள் இருக்கின்றன, ஆனால் கடைசி முடிவுக்கு நான் அவற்றை நம்பமாட்டேன்.

அதனால், திரவத்தில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கு. முடிந்தால் 0.990 முதல் 1.020 வரை மட்டும் கோடு போட்டதாக இன்னொன்றும் வாங்கு. கோடுகள் அகலமாக இருப்பதால் கடைசி அளவு தெளிவாகத் தெரியும். எத்தனை டிகிரிக்குக் கோடு போட்டது என்று தாளில் பார், பெரும்பாலும் 20 இருக்கும். பிரிக்ஸில் கோடு போட்ட ஹைட்ரோமீட்டரான என் பழைய ஸ்பிண்டிலைக் கேட்டாயே, அது உனக்கு வேண்டாம். நம் ஊர் வெயிலுக்காக 27.5 டிகிரிக்குச் செய்தது அது. 20 டிகிரியில் இருக்கும் உன் பீரில் விட்டால் ஏறக்குறைய அரை பிரிக்ஸ் கூட்டிக் காட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனில், நுரை அடங்காத கரும்புச் சாற்றில் ஸ்பிண்டிலை விட்டு அளவெடுத்துவிட்டேன். குமிழ்கள் கண்ணாடியில் ஒட்டித் தூக்கிவிட்டன. தப்பான எண் அந்த ஷிப்ட் கணக்கு முழுவதும் ஏறிவிட்டது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பீரில் வாயு அதைவிட அதிகம். அளக்க எடுத்ததை இரண்டு டம்ளரில் டீ ஆற்றுவது மாதிரி நன்றாக ஆற்று. அப்புறம் கருவியை விட்டு மெல்லச் சுழற்று. கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைவின் அடியைப் படி. அளந்ததைத் திரும்ப ஜாடியில் ஊற்றாதே, கிருமி போய்விடும்.

இப்போதைக்குப் புது ஈஸ்ட் போடாதே, பாட்டிலிலும் அடைக்காதே. ஹைட்ரோமீட்டரில் இன்று ஒருமுறை பார், மூன்று நாள் கழித்து மறுபடி பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்கலாம். சர்க்கரை மிச்சமிருக்கும்போது மூடினால் உள்ளே வாயு ஏறி பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு உன் முகத்தில் பட்டுவிடுமோ என்று நேற்று இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

1.050-இலிருந்து 1.010 வந்திருந்தால், வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கு. 5.25 சதவீதம் ஆல்கஹால் என்று வரும். உன் அம்மாவிடம் அந்த எண்ணை நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது இரண்டு அளவையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடு.

அன்புடன்,
அப்பா