ஒசோக்போ காட்டைப் பார்த்துவிட்டு

அன்பு மகளுக்கு,

ஏரியும் காடும் அழிந்துகொண்டிருக்கும்போது சிலை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதில் மனம் ஒப்பவில்லை, சிற்பத்தை விட்டுவிட்டுச் சூழலியல் படிக்கலாமா என்று போனில் கேட்டாயே. அதற்குப் பதிலாக, போன வாரம் நான் பார்த்துவந்த ஒசோக்போவைப் பற்றிச் சொல்கிறேன்.

நைஜீரியாவில் நான் இருக்கும் லாகோஸிலிருந்து வடகிழக்கே உள்ள யொரூபா மக்களின் ஊர் அது. ஊரோரம் ஒசுன் ஆறு. அந்த ஆறுதான் அவர்களுக்குத் தெய்வம். பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். கரையை ஒட்டி 75 ஹெக்டேர் காடு. ஒரு காலத்தில் யொரூபா ஊர்களுக்கெல்லாம் இப்படித் தெய்வக்காடு இருந்ததாம். பெரும்பாலானவை போய்விட்டன. இது பிழைத்ததற்குச் சிற்பிகள் பெரிய காரணம் அம்மா.

ஆஸ்திரியாவில் பிறந்த ஓவியர் சூசன் வெங்கர் 1950இல் நைஜீரியா வந்தார். யொரூபா மக்களின் தெய்வ வழிபாட்டில் கலந்து, அதுனி என்று பெயர் பெற்று, 2009இல் தன் 93ஆம் வயதில் ஒசோக்போவிலேயே இறந்தார். காட்டுக்குள் மரம் வெட்டுவோரும் வேட்டைக்காரர்களும் நுழைந்துகொண்டிருந்த காலத்தில், உள்ளூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய கோயில்களைச் சீரமைத்தார், புதிய சிற்பங்களை எழுப்பினார். கூட இருந்த அதெபிசி அகாஞ்சி ஒரு கொத்தனார். சுவர் கட்டிய கையால் சிமெண்டில் உருவங்கள் செய்தார். புராய்மோ கபதாமோசி கல்லிலும் கசாலி அகாங்பே மரத்திலும் செதுக்கினார்கள். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது இயா மோப்போ. பானை வனைவது போன்ற பெண்களின் தொழில்களுக்கான தெய்வம். பல கைகளை விரித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கிறாள். உன்னை நினைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தேன்.

சிலை நிற்கும் இடம் சாமி இடம். அங்கே கோடரியோடு போக லேசில் யாருக்கும் துணிவு வராது. 1965இல் காட்டின் ஒரு பகுதி தேசிய நினைவுச்சின்னமானது, பிறகு முழுக் காடும். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அதற்குள் வேட்டை, மீன்பிடி, விவசாயம் எதற்கும் அனுமதி கிடையாது.

ஆனால் ஆறு தப்பவில்லை. மேலே எங்கோ தங்கம் தோண்டுகிறார்கள், தண்ணீர் பழுப்பாக வருகிறது. 2022 திருவிழாவில் அதைக் குடிக்க வேண்டாம் என்று மாநில அரசே சொல்ல வேண்டியதாயிற்று. நம்பிக்கை உள்ளவர்கள் இன்னும் குடிக்கிறார்கள். அதைப் பார்த்தபோது உன் சந்தேகத்திலும் நியாயம் உண்டு என்று தோன்றியது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லவும், தோண்டுவதைத் தடுக்கவும் வேறு படிப்பு வேண்டும். சரி, அதையும் படி. உளியை மட்டும் கீழே வைத்துவிடாதே.

ஆகஸ்டில் திருவிழா. அருக்பா என்னும் இளம்பெண் காணிக்கை நிறைந்த சுரைக்குடுவையைத் தலையில் சுமந்து ஆற்றுக்கு வருவாள், ஊரே பின்னால் வரும். நீயும் வா, விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு. மழையில் ஊறி விரிசல் விட்ட சிமெண்டை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று அங்குள்ள கலைஞர்களிடம் நீதான் கேட்க வேண்டும். எனக்குச் சொன்னால் புரியாது.

அன்புடன்,
அப்பா