திண்ணையில் ஒரு தொழிற்பெயர்

மேலூர்

அன்புள்ள கயல்,

உன் கல்லூரி முதலாமாண்டுப் பிள்ளைகள் பாடப்புத்தக ஆங்கிலத்தைக் கண்டாலே மிரள்கிறார்கள், கட்டுரை எழுதச் சொன்னால் நோட்ஸை ஒப்பிக்கிறார்கள் என்று போனில் அலுத்துக்கொண்டாய். முப்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவனுக்கு அதில் என்ன தெரியும் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பையன் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மதுரையில் பொருளாதாரம் சேர்ந்திருக்கிறான். ஒருநாள் சாயங்காலம் புத்தகத்தோடு திண்ணைக்கு வந்தான். ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலில் தமிழ் அர்த்தம். ஆனாலும் வரி புரியவில்லையாம். 'தி ஃபெயிலியர் ஆஃப் தி மான்சூன் லெட் டு எ டிக்ளைன் இன் ரைஸ் புரொடக்‌ஷன்.' மழை பொய்த்தது, நெல் விளைச்சல் குறைந்தது, அவ்வளவுதான். வினைகளையெல்லாம் பெயராக்கிவிட்டு, நடுவில் 'லெட் டு' என்று ஒன்றை மட்டும் நட்டு வைத்திருக்கிறார்கள்.

அட, இது நம்ம தொழிற்பெயர்தானே! அன்றைய பேப்பரை எடுத்து நீட்டினேன். 'வைகை அணை நீர்வரத்து சரிவு: பாசனம் பாதிப்பு.' சிரித்துவிட்டான். எது சரிந்தது, அதனால் எது கெட்டது என்று நொடியில் பிரித்தான். அதே கேள்வியை ஆங்கில வரியிடமும் கேள் என்றேன். முதலில் வினையைப் பிடி; நமக்கு அது கடைசியில் நிற்கும், அவர்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். அப்புறம் பெயராகிப்போனதைத் திரும்ப வினையாக்கு.

படிப்பது பரவாயில்லை என்றானதும் எழுத ஆரம்பித்தான், வரிக்கு நாலு 'ஷன்'! யார் என்ன செய்தார்கள் என்றே தெரியவில்லை. பாதியை வெட்டினேன். எல்லாவற்றையும் அடித்துச் சொல்லும் பழக்கம் வேறு. கீழடியில் பானை ஓட்டில் எழுத்து இருந்தால் உடனே 'புரூவ்ஸ்', நிரூபிக்கிறதாம். 'சஜ்ஜெஸ்ட்ஸ்' என்று போடுடா, நம்ம 'இருக்கலாம்' மாதிரி என்றேன். அரை மனசாக மாற்றினான்.

கல்லூரிப் பாட ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்கள் என்று நீ சொன்ன காக்ஸ்ஹெட் பட்டியலையும் பார்த்தேன். 2000-இல் வந்தது, 570 சொற்குடும்பங்கள். நல்ல உழைப்பு. ஆனால் மனப்பாடத்துக்குக் கொடுத்துவிடாதே, அதையும் ஒப்பிப்பார்கள். குடும்பமாகக் காட்டு: 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிட்டிக்கல்'. ஆய்ந்தான், ஆய்வு தெரிந்த பிள்ளைக்கு இது புதுசில்லை.

பொங்கலுக்கு வரும்போது உன் பிள்ளைகள் எழுதியதில் இரண்டை, பேரை மறைத்துவிட்டுக் கொண்டு வா. என் சிவப்புப் பேனா சும்மா காய்ந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
அப்பா