பிள்ளைக்கு: ஒரு அங்குலத் தாளில் குளம் தேடுவது

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பின ஸ்கானைப் பார்த்தேன். அது இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடம், ஒரு அங்குலத் தாள்: தாளில் ஓர் அங்குலம், நிலத்தில் ஒரு மைல், அதாவது 1:63,360. ஊர் வரலாறு தேட நல்ல தாள்தான். ஆனால் எதை அதனிடம் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று முதலில் தெரிந்துகொள். தாளில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 63 மீற்றர். ஒரு மில்லிமீற்றர்ச் சதுரம் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், எங்கடை யாழ்ப்பாணக் காணிக் கணக்கில் 16 பரப்பு. அப்பப்பாவின் வளவு முழுவதும் ஒரு கடுகுக்குள் அடங்கிப்போகும். ஆகையால் இதைக் காட்டி வேலி எங்கே ஓடியதென்று சித்தப்பாவோடு வாதாடாதே. எல்லைக்குக் காணி உறுதியும் நில அளவையாளரின் படமும்தான் பேசும். இந்தத் தாளிடம் கேட்க வேண்டியது தண்ணீரையும் வழியையும்.

முதல் வேலை, ஓரத்தை வாசிப்பது. அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, திருத்திய ஆண்டு மூன்றும் வேறு வேறு. இந்தத் தொடருக்காக நாட்டை அளப்பது 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. பிறகு வந்த பதிப்புகளில் றோட்டை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கலாம். ஓரம் வெட்டுப்பட்ட பிரதி என்றால் உள்ளே பார். காங்கேசன்துறை – சாவகச்சேரி றெயில் பாதை 1902இல் திறந்தது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950. இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்தே தாளின் வயதைப் பிடித்துவிடலாம்.

அடுத்தது, இன்றைய படத்தின் மேல் அதைப் பொருத்துவது. ஓரத்திலுள்ள அகலக்கோடு, நெடுங்கோடு எண்களை அப்படியே ஜி.பி.எஸ். எண்களாக எடுத்தால் எல்லாம் தள்ளிப்போய் விழும். அவை நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவள என்ற இடத்தை ஆதாரமாகக் கொண்ட பழைய அளவை (எங்கடை கண்டாவளை இல்லை). அதைவிட, மாறாத இடங்களைப் பிடித்துப் பொருத்துவது சுலபம். 300 டிபிஐயில் ஸ்கான் எடுத்தால் ஸ்கானின் ஒரு படப்புள்ளி நிலத்தில் 5 மீற்றர் அளவு வரும், அது போதும். ஃபோனால் படம் பிடித்தால் ஓரம் வளையும், வேண்டாம். கியூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில், தாளை இன்றைய இடத்தில் பொருத்தும் ஜியோரெஃபரன்ஸரைத் திறந்து, ஆள்கூற்று முறைக்கு 32644 (EPSG) என்ற எண்ணைக் கொடு.

பழைய தாளிலும் இன்றைய படத்திலும் ஒரே இடமென்று காட்டும் புள்ளிகளுக்கு யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து முனைகள் மிகத் திறம். ஒல்லாந்தர் கட்டின வடிவம் இன்றும் அப்படியே. ஆனால் அவை எல்லாம் ஒரே மூலையில் கிடப்பதால் இரண்டு முனை போதும். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை மேற்குக்கு உதவும். றெயில் பாதையைப் பழைய இடத்திலேயே திரும்பப் போட்டிருப்பதால், றோட்டு அதைக் குறுக்கறுக்கும் கடவைகளை சுன்னாகத்திலும் கொடிகாமத்திலும் எடு. மொத்தம் எட்டுப் பத்துப் புள்ளி, தாளின் நாலு பக்கமும் பரந்திருக்க வேண்டும். கடனீரேரிக் கரையை மட்டும் எடுக்காதே. மாரியில் ஓரிடம், கோடையில் ஓரிடம் என்று அது நகரும்.

உருமாற்றத்துக்கு முதலாம் படிப் பல்லுறுப்பைத் (Polynomial 1, தாளை வளைக்காமல் பொருத்தும் முறை) தெரிவுசெய். மென்பொருள் காட்டும் பிழை 30, 40 மீற்றருக்குள் இருந்தால் சரி. தாளில் றோட்டின் தடிப்பே அவ்வளவு வரும். ஒரு புள்ளி மட்டும் நூறு மீற்றர் விலகினால் உடனே அழித்துவிடாதே, சந்தி மாறியிருக்கிறதா என்று பார். மடித்துச் சுருங்கின தாளுக்கு தின் பிளேட் ஸ்ப்ளைன் என்ற முறையைச் சொல்வார்கள். அது எல்லாப் புள்ளியையும் வளைத்துப் பொருத்திவிடும், பிழையையும் சேர்த்து மறைத்துவிடும். முதலாம் படியில் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் அதைத் தொடு.

இனித்தான் விஷயம். பழைய தாளைப் பாதி ஒளிபுகவிட்டு, நீலம் இருக்கும் இடமெல்லாம் கோடு வரை. உயரக்கோடுகளை நம்பியிருக்காதே, அவை 100 அடிக்கு ஒன்று, குடாநாட்டில் அந்த உயரத்துக்கு நிலமே இல்லை. எங்கே பள்ளம் என்பதை இங்கே குளங்கள்தான் சொல்லும். வழுக்கை ஆற்றை அராலிவரை தொடர்ந்து பார்த்தாயானால் குளங்களும் தரவையும் (புல்வெளியும்) வயலும் ஏன் அந்த ஒழுங்கில் கிடக்கின்றன என்று விளங்கும். தாளில் நீலமாக இருந்து இன்று வீடாகவோ விளையாட்டுத் திடலாகவோ இருக்கும் இடத்தைக் குறித்து வை. கார்த்திகை மார்கழியில் வெள்ளம் அங்கேதான் போய் நிற்கும். காணி வாங்க நினைத்தால் இதை முதலில் பார். ஆனால் தாளில் குளம் இல்லாததால் நிலத்திலும் இருக்கவில்லை என்று முடிவுகட்டாதே. ஐந்தாறு பரப்புக் குளம் இந்த அளவில் விழாமலே போயிருக்கும்.

நீ குறித்துத் தந்தால் இங்கே நடந்துபோய்ப் பார்க்கலாம். ஒரு சின்ன ஒழுங்கையில் தேவைக்கு மிஞ்சின பெரிய மதவு (தண்ணீர் போகும் சிறு பாலம்), வரிசையாக நிற்கும் மருதமரம், குளம் என்றோ வில் என்றோ முடியும் காணிப்பெயர், இவை ஒன்றாக வந்தால் பெரும்பாலும் சரிதான். ஊராரிடம் “இங்கே குளம் இருந்ததா?” என்று கேட்டால் காணி விலை விழுமென்று வாய் திறக்க மாட்டார்கள். “2008 நிஷாப் புயலுக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது?” என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள்.

வழிகளும் அப்படித்தான். சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல் (மாடு உடம்பு உரசும் கல்), கேணி, மடம் இவை ஒரே இடத்தில் கிடந்தால் பழைய பெருவழி அந்த இடத்தால்தான் போயிருக்கிறது, இன்றைக்கு அது முடக்கு ஒழுங்கையாக இருந்தாலும்.

நீ நெதர்லாந்தில் ஹேக்கில் இருப்பதால் எங்களுக்குக் கிடைக்காத வசதி ஒன்று உனக்கு உண்டு. அங்குள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின், கையால் வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றில் வடக்கு மேலேதான் இருக்குமென்று எண்ணாதே, திசைகாட்டியைப் பார். அளவுகோல் ரைன்லாந்து ரூடே என்ற பழைய ஒல்லாந்த நீள அளவில் இருந்தால் ஒன்று 3.767 மீற்றர். கியூஜிஸில் பொருத்த முயலாதே, அவ்வளவு துல்லியம் அவற்றில் வராது. சங்கானை இடிபாட்டுத் தேவாலயம் போன்ற இடங்களிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று மட்டும் வாசி. தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள்: லெய்டன் என்றிருந்தால் வேலணை, ஆம்ஸ்டர்டாம் என்றிருந்தால் காரைநகர்.

படம் எடுக்கும்போது ஆவண எண்ணும் தெரியும்படி எடு. பொருத்தின கோப்போடு புள்ளிகள் கோப்பையும் சேர்த்து அனுப்பு. அது இல்லாமல் உன் வேலையை இங்கே ஒருவரும் சரிபார்க்க முடியாது.

அன்புடன்,
அப்பா