அம்மாவும் 1.2 நொடியும்

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாதவன் இன்று எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று ஊகித்திருப்பாய். ஆமாம், தமிழ் அடிக்க எந்த விசைப்பலகை நல்லது என்று விடுதியில் நாம் பரோட்டாவுக்குப் பந்தயம் கட்டினோமே, அதில் நான் தோற்றுவிட்டேன். முழுதாக அல்ல, அதனால் பரோட்டாவுக்கு இப்போதே கடை தேடாதே. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குப் பல் விழுகிறது, எனக்கு முடி. சுந்தரம் வழக்கம்போல் யாருக்கும் சொல்லாமல் வீடு மாறிவிட்டான்.

போன மாதம் உறையூரில் அம்மாவோடு பத்து நாள் இருந்தேன். சித்திக்கு அம்மா அனுப்புவதெல்லாம் குரல் செய்திதான். “எழுதி அனுப்பினால் என்னம்மா?” என்று கேட்டேன். “என் கைக்கு இது வரவில்லையடா” என்று போனை நீட்டினாள். சரி, அடித்துக் காட்டு என்று சொல்லிவிட்டு, வேலையிடத்தில் செயலிச் சோதனைக்கு வந்தவர்களைக் கவனிப்பதுபோல் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ் வரவழைக்கும் பலகை அது. ‘குழந்தைகள்’ என்று அடிக்க வேண்டும். ழ-வுக்கு ‘z’-ஆ ‘l’-ஆ என்று கேட்டாள். கடைசி ள்-க்கு வந்தபோது எந்த இடத்தில் நின்றோம் என்பதே மறந்துவிட்டது. முதுநிலைத் தமிழ்த் தட்டச்சில் தேறி, முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் அதையே தொழிலாகச் செய்தவள், ஒற்றை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாள் என் மடிக்கணினியில் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பைப் போட்டுக் கொடுத்தேன். கைகளை வைத்தாள். ய, ள, ன, க. அவ்வளவுதான்! திரையைக்கூடப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே சித்திக்கு ஒரு பக்கம் அடித்து முடித்தாள். ஒற்றைக்கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிக்கும் அந்தக் காலத்துப் பழக்கத்தைக் கணினி சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுக்கொண்டது. நடுவில் ஒருமுறை, வரி முடிந்துவிட்டது என்று இடது கை தானாக மேலே எழுந்து காற்றில் எதையோ தள்ளியது. இருவரும் சிரித்தோம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கார்டு, மொரான், நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட விசை அளவுக் கணக்கு, விசைகளை எண்ணி ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆகும் என்று மதிப்பிடுவது, உனக்கு நினைவிருக்கும். தேர்வுக்கு முந்தின இரவு நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். தேர்ச்சி பெற்ற சராசரித் தட்டச்சாளருக்கு ஒரு விசைக்கு 0.2 நொடி. பலகையே பழகாதவருக்கு 1.2 நொடி. ‘அடுத்து என்ன’ என்று மனம் ஒருமுறை யோசிக்க 1.35 நொடி. அந்த அட்டவணையின் இரண்டு முனைகளும் இரண்டு வகை மனிதர்கள் என்றுதான் இத்தனை வருடம் படித்திருந்தேன். ஒரே அம்மா, ஒரே கைகள். பலகை மாறினால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடுகிறாள்.

உன்னிடம் மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செயலிக்காக, அறுபது வயதைத் தாண்டிய ஐந்து பேரை வைத்துச் சோதனை நடத்தினேன். ஐந்து பேருக்கும் அதே ஆங்கில எழுத்துப் பலகை. ‘முதியவர்கள் எழுத விரும்புவதில்லை, குரல் வசதி போதும்’ என்று அறிக்கையில் எழுதியவன் நான். யாராவது கேட்டால் பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் நீல்சனைக் காட்டுவேன்: ஐந்து பேர் போதும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே! ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட குழுக்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனியாக ஆள் எடுக்க வேண்டும் என்றும் அவர்தான் எழுதினார். அதை நான் வசதியாக மறந்துவிட்டேன். அந்த ஐந்து பேரில் ஒரு பெரியவர் “தம்பி, நான் ஒரு காலத்தில் அடித்தவன்தான்” என்று சொன்னார். குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘சம்பந்தமில்லை’ என்று என் கையெழுத்து.

இனி உன் பங்கு. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் ‘ஒலிப்புமுறைக்குப் பயிற்சியே வேண்டாம்’ என்று விடுதி மொட்டைமாடியில் நான் கத்தியதெல்லாம் தப்பு. பயிற்சி வேண்டும், அதை ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ கட்சி கட்டிய தமிழ்99 விசைப்பலகையில் ‘அம்மா’வுக்கு நான்கே விசை, இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழுகிறது, உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும், எல்லாம் சரி. அந்தப் பலகையை முன்வைத்த 1999 பிப்ரவரி சென்னை மாநாட்டை நீ உன் பிறந்தநாள்போல் கொண்டாடியதையும் மன்னித்துவிட்டேன். ஆனால் அம்மா ஜெயித்தது உன் பலகையில் அல்ல! தமிழ்99-இன் விசைகளை அவளுக்கு எண்ணிக் காட்டினேன். “விசை குறைவுதான், சேகர் நல்ல பையன். ஆனால் இந்த விரல்களுக்கு இனிமேல் யார் பாடம் எடுப்பது?” என்றாள். ஆகவே பரோட்டாவில் பாதிப் பணம் நீ கொடு.

இன்னொன்று. ‘கொ’வை அழிக்கப் பின்னழிப்பு விசையைத் தட்டினாள். கொம்பும் காலும் போய், க மட்டும் அப்படியே நின்றது. “ஓர் எழுத்தை அழிக்கச் சொன்னால் பாதியை விட்டுவைக்கிறதே, இது யார் செய்த வேலை?” என்று கேட்டாள். உள்ளே இரண்டு குறியீடுகளாக வைத்திருக்கிறார்கள் என்றேன். “படிக்கிற எனக்கு ஒன்றுதானே?” என்றாள். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் கணினிக்கு ஐந்து என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எழுத்துரு செய்கிறவன் நீ. இதற்கு உருப்படியான பதில் ஒன்று எழுதி அனுப்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அம்மா முதலில் கேட்கப் போவது அதைத்தான். மடிக்கணினியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சித்தி பதிலை இன்னும் குரலில்தான் அனுப்புகிறாளாம், அம்மாவுக்குக் கோபம்.

உன்,
ரகு