கெல்டிக் விழாக்கள் எல்லாமே வேடிக்கைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு போன்ற இடங்களின் பழைய கெல்டிக் பண்பாட்டிலிருந்து வந்த பருவ விழாக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சௌவின் (நவம்பர் தொடக்கம்), இம்போல்க் (பிப்ரவரி தொடக்கம்), பெல்டேன் (மே தொடக்கம்), லூனசா (ஆகஸ்ட் தொடக்கம்) நான்கையும் அறிமுகப்படுத்திய விதம் நன்றாக இருந்தது. ஆனால், இன்று நடப்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காட்டும் வேடிக்கை என்று முடித்திருப்பதை, பல வருடமாக அயர்லாந்தில் குடியிருக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

அறுபடாமல் வந்தவையும் இருக்கின்றன. அயர்லாந்தின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவான ஜூன் 23 அன்று ஊர் கூடி நெருப்பு மூட்டுவது யாரும் மீட்டெடுத்த வழக்கம் அல்ல. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள மான் தீவில், சௌவினுக்கு முந்தைய இரவான அக்டோபர் 31 அன்று டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்காக்கி, பிள்ளைகள் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும் ஹாப்-டு-நாவும் அப்படித்தான்.

சரி, நின்றுபோனவை? அவற்றையும் யாரோ இஷ்டத்துக்குக் கற்பனை செய்துவிடவில்லை. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டு, ஊர் வழக்கங்களை நோட்டுகளில் எழுதினார்கள். 1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஆசிரியர்களின் துணையோடு செய்த வேலை அது. சுமார் 5,000 பள்ளிகள் பங்கெடுத்தன. அந்தப் பக்கங்களை இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்த வழக்கத்தையும் மீண்டும் தொடங்க நினைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

பிப்ரவரி 1, இம்போல்க் நாள், அயர்லாந்தின் காவல் புனிதர்களில் ஒருவரான புனித பிரிகிட்டின் நாளும்கூட. 2023 முதல் இதையொட்டி இங்கே பொது விடுமுறை. அதற்கு முந்தைய வாரம் எங்கள் பகுதி நூலகத்தில் பிரிகிட் சிலுவை பின்னக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்கு வேண்டியது நம் கோரையைப் போன்ற ஒரு செடி. அதை அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் நடுவில் மாட்டி, கால் சுற்று திருப்பி, அடுத்ததை மாட்ட வேண்டும். விரல் தளர்ந்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். கடைசியில் நான்கு முனைகளையும் நூலால் கட்டி, வாசல் நிலைக்கு மேல் செருகுவார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூதாட்டி, முந்தைய இரவு வெளியே ஒரு துணியைப் போட்டு வைத்தால் பிரிகிட் அதைத் தொட்டுவிட்டுப் போவாள், அது தலைவலிக்கு மருந்து என்றார். அவர் வீட்டில் அப்படி ஒரு துணி இன்னும் இருக்கிறதாம். அந்த நூலக வகுப்பில் டிக்கெட்டும் இல்லை, சுற்றுலாப் பயணிகளும் இல்லை.

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் பெல்டேன் நெருப்பு விழா 1988இல் தொடங்கியது என்பது உண்மைதான். நடத்துகிறவர்கள் அதை மறைப்பதில்லை. கால்டன் குன்றில் ஏப்ரல் 30 இரவு மே ராணியாகவும் பச்சை மனிதனாகவும் வருபவர்கள், முரசு அடிப்பவர்கள், தீப்பந்தம் ஏந்துபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள். நுழைவுக்குக் கட்டணம் இருக்கிறது என்பதற்காக அந்த உழைப்பைப் போலி என்று எப்படிச் சொல்வது? இரண்டு நெருப்புகளுக்கு நடுவே மாடுகளை ஓட்டிச் சென்ற வழக்கத்தைச் சுமார் 1,100 வருடத்துக்கு முந்தைய ஐரிஷ் சொல்விளக்க நூலே குறிப்பிடுகிறது. அந்த நினைவை இன்றைய நகரத்து மக்கள் தங்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. நேற்று சேர்த்ததை ஆதிகாலத்திலிருந்து வருவதாகச் சொல்லி விற்பதுதான் தவறு. அப்படி விற்பவர்களும் உண்டு. கட்டுரையாளரின் கோபம் அவர்கள்மீது என்றால் நானும் அவர் பக்கம்தான்.

தொடர்ந்து வந்தது எது, மீட்டெடுத்தது எது, புதிதாகச் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டும் கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள். பிள்ளைகள் எழுதிய அந்த நோட்டுகளிலிருந்து சில பக்கங்களை மொழிபெயர்த்தும் சேர்க்கலாம். ஏப்ரல் இதழிலேயே வந்தால், மே மாதம் இந்தப் பக்கம் வரும் வாசகர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
டப்ளினிலிருந்து ஒரு வாசகி